இன்ஸ்பெக்டரம்மா அழ மாட்டாங்க

என் சுண்ணாம்பு டப்பாவில் யாரோ விரல் விட்டிருந்தார்கள். நான் எடுத்தால் ஓரமாக, நகத்தால் சுரண்டி எடுப்பேன். இது நடுவில் குழி விழுந்திருந்தது. சின்ன விரல் போட்ட குழி.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். என் மகன் லோடு வண்டி ஓட்டிக்கொண்டு வெளியூர் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. மருமகள் தாம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். வெற்றிலை வாசனை வந்தாலே ஜன்னலைத் திறப்பவள் அவள். மிச்சம் நானும், இரண்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தியும்தான்.

"யாரோ வெத்தல போட ஆரம்பிச்சிட்டாங்க போலகீதே. மாப்ள பாத்துடலாமா?" என்று பேத்தியிடம் கேட்டேன்.

சிரித்தாள். பல் தெரியாத சிரிப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு மணி நேரம் ஆகியும் காலில் சாக்ஸ் இருந்தது.

"இன்னா, சாக்ஸுக்குள்ள புதையல் எதுனா வெச்சிருக்கியா? கயட்டவே மாட்டேன்ற."

அதற்கும் அதே சிரிப்பு. அது வியாழக்கிழமை. இரண்டு துப்பு என் கண் முன்னால் இருந்தது. இரண்டையும் கிண்டலாக்கி ஊதித் தள்ளிவிட்டு நான் டிவி பார்க்கப் போய்விட்டேன்.

சனிக்கிழமை அவளுக்கு எண்ணெய்க் குளியல். பெண் பிள்ளைக்கு வெள்ளிக்கிழமைதான் வழக்கம். அது பள்ளிக்கூடத்துக்குத் தெரியாதே. மருமகள் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு நல்லெண்ணெயைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு பாத்ரூமில் பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். பேத்தி சட்டையைக் கழற்றினாள். சாக்ஸைக் கழற்றவில்லை.

"சாக்ஸுக்கும் எண்ண தேய்க்கணுமா இன்ஸ்பெக்டரம்மா?"

"அது இருக்கட்டும் ஆயா."

"இருக்கட்டுமா? கால நீட்டு."

நீட்டவில்லை. நானே பிடித்து உருவினேன். வலது கால் சாக்ஸ் வந்துவிட்டது. இடது கால் சாக்ஸ் தோலோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. வெந்நீர் ஊற்றி ஊறவைத்து மெதுவாக இழுத்தேன். கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைப் பொருக்கு. காய்ந்த சுண்ணாம்பு. ஓரமெல்லாம் சிவந்து வீங்கியிருந்தது. நடுவில் இரண்டு கறுப்புக் குழி.



"இன்னாடி இது?"

"ஒண்ணும் இல்ல."

"நாயா?"

தலை ஆடியது.

"எப்போ?"

"செவ்வாக்கெழம. ஒனக்கு வெத்தல வாங்கினு வந்தப்போ."

செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. விரல் விட்டு எண்ணினேன்.

"நாலு நாளா ஏன் கண்ணு ஆயா கிட்ட சொல்லல?"

அவள் முதுகை நேராக்கிக்கொண்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நான் அழவே இல்ல ஆயா," என்றாள்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். எதற்குக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் "சபாஷ்" சொல்ல வேண்டும். எப்போதும் அதைத்தானே சொல்லியிருக்கிறேன். என் வாழ்க்கையில் அந்த முகத்தைப் பார்த்துப் பயந்ததுபோல் நான் எதற்கும் பயந்ததில்லை.

அந்தப் பட்டத்தைக் கொடுத்தவள் நான்தான். அவளுக்கு நாலு வயதிருக்கும்போது படிக்கட்டில் உருண்டு முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். அழ வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டு, "எங்க வூட்டு இன்ஸ்பெக்டரம்மா அழ மாட்டாங்க" என்றேன். வாய் அப்படியே மூடிக்கொண்டது. எனக்கு ஒரே பெருமை. மாடியிலிருந்து கீழ்வரை எல்லா வீட்டிலும் போய்ச் சொன்னேன். கமர்கட் வாங்கிக் கொடுத்தேன். அதற்கப்புறம் பல் விழுந்தாலும், விரல் கதவில் நசுங்கினாலும், அவள் முதலில் பார்ப்பது காயத்தை இல்லை. என் முகத்தை.

எங்களுக்குக் கீழ்வீட்டில் இவளைவிடச் சின்னதாக ஒரு பெண் குழந்தை. கொசு கடித்தாலும் அனகாபுத்தூர் முழுக்கக் கேட்கும்படி அழும். ஆலைச் சங்கு தோற்றுப்போகும். அதனால் நான் வைத்த பெயர் சங்கு. "பல்லாவரத்துல ஷிப்டு மாறிடுச்சி, சங்கு ஊதுது பாரு" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அந்தக் குழந்தையின் அம்மாகூடச் சிரிப்பாள். பேத்தியும் சிரித்துக்கொண்டே கணக்குப் போட்டிருக்கிறாள்: அழுதால் சங்கு, அழாவிட்டால் இன்ஸ்பெக்டர்.

என் மருமகள் வேறு ரகம். நாள் முழுக்க நின்று பில் போட்டுவிட்டு, பஸ்ஸில் நசுங்கி வந்து நுழையும்போதே பேத்தி வயிறு வலிக்கிறது, பென்சில் தொலைந்தது என்று ஆரம்பிப்பாள். "எப்பப் பாரு ஒரு கம்ப்ளெயிண்ட். வாயத் தொறந்தா நல்லதே வராதா ஒனக்கு?" என்பாள் மருமகள். களைப்பில் சொல்வதுதான். ஆனால் குழந்தைக்கு அம்மாவின் களைப்பு தெரியுமா? வார்த்தைதான் தெரியும். ஒரு பக்கம் அவள் திட்டு, இன்னொரு பக்கம் என் புகழ். நடுவில் அந்த வாய்க்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பூட்டுப் போட்டிருக்கிறோம்.

சுண்ணாம்புக்கும் நான்தான் பொறுப்பு. தாம்பரம் மார்க்கெட்டில் முப்பது வருஷம் காய்கறிக் கடை போட்டவள் நான். கூட்டம் சேர்க்கக் கதை சொல்வேன். அதில் நாய்க்கதை ஒன்று. எட்டு வயதில் என்னை ஒரு வெறிநாய் கடித்ததாம். நான் கொஞ்சம் சுண்ணாம்பை எடுத்து அப்பிவிட்டு, ஒரு கூடை கத்தரிக்காயை விற்றுத் தீர்த்துவிட்டுத்தான் எழுந்தேனாம். நாய்க்குத்தான் ஜுரம் வந்ததாம். பேத்திக்கு இந்தக் கதை உயிர். சாப்பிடும்போது நூறு தடவையாவது சொல்லியிருப்பேன்.

கதை பொய். நாய் கடித்தது மட்டும் நிஜம். ரயில்வே கேட் வரை கேட்கும்படி நான் கத்தினேன். என் அம்மா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்கள். தினமும் நாலு பேர் என்னைப் பிடித்து அமுக்க வேண்டியிருந்தது. அந்தப் பாகத்துக்கு யாரும் சிரிக்கவில்லை. அதனால் கதையிலிருந்து அதை எடுத்துவிட்டேன்.

எனக்கும் இந்தப் பழக்கம் சின்ன வயதில் வந்ததுதான். மூன்றாம் வகுப்பில் டீச்சர் என் சிலேட்டைத் தூக்கிக் காட்டி, "கோழி கிளறி வெச்ச மாதிரி இருக்கு" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்கு அழுகை முட்டியது. அழாமல் கோழி மாதிரிக் கொக்கரித்தேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள், ஆனால் இந்தத் தடவை என்னைப் பிடித்துப்போய்ச் சிரித்தார்கள். அந்த வருஷத்தோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. கொக்கரிப்பது இன்றுவரை நிற்கவில்லை.

இதையெல்லாம் அன்றைக்கு பாத்ரூமில் நான் யோசிக்கவில்லை. சோப்பைக் குழைத்து, குழாயைத் திறந்துவிட்டு, அந்தக் காலைக் கழுவு கழுவு என்று கழுவினேன். சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து வந்தது. எரிந்திருக்கும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"அழு கண்ணு. அழுதா ஒண்ணும் இல்ல."

"நான் இன்ஸ்பெக்டரம்மா ஆச்சே," என்றாள்.

சட்டையை மாட்டி, ஈரக் காலில் ஒரு துண்டைச் சுற்றி, தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனைக்கு வந்தேன். தெரிந்த ஆட்டோக்காரன் ஒருவன் நின்றிருந்தான்.

"இன்னா ஆயா, பேத்திய கடத்தினு போறியா?"

"பெரிய ஆஸ்பத்திரிக்கு வுடுப்பா. நாய் கட்சிடுச்சி."

அவன் முகம் மாறியது. வண்டியைக் கிளப்பினான். சும்மா வந்திருக்கலாம். நல்ல மனுஷன், பேச்சுக் கொடுத்தால் என் பயம் குறையும் என்று நினைத்தான்.

"ஒடனே ஊசி போட்டுக்கணும் ஆயா. எங்க மாமா ஒர்த்தரு, சின்னக் கீறல்தான்னு வுட்டுட்டாரு. ரெண்டு மாசம் நல்லாதான் இருந்தாரு. அப்பறம் தண்ணியப் பாத்தாலே பயந்துகினு, முழுங்க முடியாம..."

"ரோட்டப் பாத்து ஓட்டு," என்றேன்.

சொல்ல வேண்டியதை அவன் சொல்லி முடித்திருந்தான். பேத்தி என் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். முழுங்கிப் பார்த்தாள். இன்னொரு வாய் குடித்தாள். எனக்குத் தெரியக்கூடாது என்று வெளியே வேடிக்கை பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டு குடித்தாள். பல்லாவரம் தாண்டும்வரை அந்தச் சின்னத் தொண்டை ஏறி இறங்குவதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் நாய்க்கடிக்கென்று தனி வரிசை இருந்தது. டாக்டர் சின்ன வயதுப் பெண். காலைத் தூக்கிப் பார்த்தாள்.

"எப்ப கடிச்சது?"

"நேத்து சாயங்காலம்," என்று என் வாய் சொல்லிவிட்டது. திட்டு விழுமோ என்ற பயம். அதற்கு வயது வரம்பே கிடையாது.

"இல்ல டாக்டர், செவ்வாக்கெழம," என்றாள் பேத்தி.

டாக்டர் என்னைப் பார்த்தாள். எங்கே ஒளிவதென்று எனக்குத் தெரியவில்லை.

"இதுல சுண்ணாம்பு வெச்சது யாரு?"

"நான்தான். எங்க ஆயாவ நாய் கடிச்சப்போ ஆயாவும் இதான் வெச்சாங்க. அழவே இல்ல."

பின்னால் வரிசையில் இருபது பேராவது இருந்திருப்பார்கள். நான் சத்தமாகவே சொன்னேன். "பொய்யி டாக்டரம்மா. நான் ஊரக் கூட்டி அழுதேன். எங்கம்மா தூக்கினு ஓடிச்சி. அத்தினி ஊசியும் போட்டுகினேன். சிரிக்கறதுக்கோசரம் கதைய மாத்திட்டேன்."

பேத்தி என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு டாக்டரிடம், ரகசியம் சொல்வதுபோல், "ஆயா சும்மா சொல்றாங்க. எப்பவும் இப்டிதான் ஜோக் பண்ணுவாங்க," என்றாள்.

 உண்மையைச் சொல்ல வேண்டிய ஒரே நாளில் என் வார்த்தைக்கு மதிப்பில்லை.

கையில் ஊசி போட்டார்கள். பிறகு காயத்தைச் சுற்றியே ஊசி. அதைப் பார்க்க முடியாமல் பக்கத்தில் நின்ற ஆம்பிளை ஒருவர் திரும்பிக்கொண்டார். பேத்தியின் உதடு வெளுத்துப்போனது. சத்தம் வரவில்லை.

"எவ்ளோ சமத்து பாரு," என்றாள் நர்ஸ். "பெரியவங்களே இந்த ஊசிக்கு ஆஸ்பத்திரிய ரெண்டாக்கிடுவாங்க."

வலியோடு வலியாக அந்த முகம் மலர்ந்தது. நல்ல மனசோடு சொன்ன வார்த்தைதான். ஆனால் அந்த நர்ஸின் வாயைப் பொத்திவிடலாமா என்று எனக்கு இருந்தது.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "லேட்டானாலும் வந்தீங்களே, நல்லது. செவ்வாக்கிழமை ஒரு ஊசி, அடுத்த சனிக்கிழமை ஒண்ணு, இருபத்தெட்டாவது நாள் ஒண்ணு. எதையும் விட்றாதீங்க. அந்த நாய் எங்க இருக்குன்னு பாருங்க. கடிச்ச நாள்லேர்ந்து பத்து நாள் தாண்டியும் அது நல்லா இருந்தா நீங்க நிம்மதியா இருக்கலாம். நடுவுல இவளுக்குக் காய்ச்சல் வந்தாலோ, கடிச்ச எடத்துல குறுகுறுன்னு இருந்தாலோ, முழுங்க கஷ்டமா இருந்தாலோ உடனே கூட்டிட்டு வாங்க. உங்களுக்கு வெளியில இருந்து தெரியாதும்மா. அவதான் சொல்லணும்."

அவள்தான் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் எனக்குக் காதில் விழுந்தது. இது ஒன்றுதான் வயிற்றில் விழுந்தது. சொல்லாமல் இருப்பதற்காகவே நான் மூன்று வருஷம் பழக்கிய குழந்தை அது.

சாயங்காலம் மருமகள் வந்ததும் சொன்னேன். பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள். முதலில் ஓடிப்போய்க் குழந்தையின் காலைப் பார்த்தாள். பிறகு சமையலறைக்கு வந்து என் முன்னால் நின்றாள்.

"உங்க காமெடிக்கு என் பொண்ணுதான் கெடச்சாளா அத்தை?"

அவள் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

"செவ்வாக்கிழமை நான் வந்ததும் 'அம்மா, கால்ல'ன்னு ஆரம்பிச்சா," என்றாள், முகத்தைத் துடைக்காமலே. "மறுபடியும் ஷூ புதுசு கேக்கறான்னு நெனச்சி, போய் ஹோம்வொர்க் பண்ணுன்னு கத்தினேன். அவ சொல்ல வந்தா அத்தை. நான்தான் கேக்கல."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஆரம்பித்தது தண்ணீர் பரீட்சை. மணிக்கு ஒரு தடவை நான் ஒரு டம்ளரோடு போய் நிற்பேன். குடிப்பாள். நான் தொண்டையைப் பார்ப்பேன். "கால் எப்டிகீது?" "நல்லா கீது ஆயா." மருமகள் வேலைக்கு இடையில் போன் போட்டுக் கேட்பாள். "எது வலிச்சாலும் சொல்லு, அம்மா திட்ட மாட்டேன்." "ஒண்ணும் வலிக்கலமா."

திங்கட்கிழமைதான் எனக்குப் புரிந்தது. எந்தப் பதில் சொன்னால் எங்கள் முகம் தெளிகிறது என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள். "நல்லா கீது" என்றால் ஆயா மூச்சு விடுகிறாள், அம்மா சிரிக்கிறாள். அதுவும் ஒரு சபாஷ்தானே. நாங்கள் கேட்கக் கேட்க, அவள் சரியான விடையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நிஜம் என்னவென்று எங்களில் யாருக்கும் தெரியாது.

நாய்தான் மிச்சம் இருந்த நம்பிக்கை. பழுப்பு நாய், நாலு காலும் வெள்ளை, சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும் என்று பேத்தி அடையாளம் சொல்லியிருந்தாள். வெற்றிலை விற்கும் பெட்டிக்கடையில் கேட்டேன்.

"அதுவா? இங்கதான் படுத்துகினு இருக்கும்," என்றார் கடைக்காரர். "நாலஞ்சி நாளா காணோமே ஆயா."

கடை ஓரத்தில் இருந்த கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன். வெறிபிடித்த நாய் சீக்கிரம் செத்துப்போகும் என்று எனக்கே தெரியும். மார்க்கெட்டில் பார்த்திருக்கிறேன்.

நாய்களுக்குப் போட ஒரு பை நிறையப் பொறை ரொட்டி வாங்கிக்கொண்டு சந்து சந்தாக நடந்தேன். அடையாற்றங்கரை வரைக்கும் போனேன். நாயைக் கண்டால் குனிந்து காலைப் பார்ப்பேன்.

"இன்னா ஆயா, நாய்க்குப் பொண்ணு பாக்கறியா?" என்றாள் குழாயடியில் ஒருத்தி.

"சீர்வரிசையோட வந்துகீது பாரு," என்றாள் இன்னொருத்தி, பொறைப் பையைக் காட்டி.

வழக்கமாக இருந்தால் நான் நாலு திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்றைக்கு வாய் வரவில்லை. அவர்கள்மேல் தப்பில்லை. என்னைப் பார்த்தால் சிரிக்க வேண்டும் என்று அந்தத் தெருவைப் பழக்கியவளே நான்தான்.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது ஊசி. அதற்கும் அவள் அழவில்லை. புதன்கிழமை மறுபடி நாயைத் தேடி அலைந்துவிட்டு வந்தேன். மாடி ஏறும்போது பாதிப் படியில் முட்டி மடங்கிவிட்டது. உட்கார்ந்தேன். முட்டி வலியா, பயமா, எது முதலில் வந்தது என்று தெரியாது. அழ ஆரம்பித்துவிட்டேன். மெதுவாக அழவும் எனக்குத் தெரியவில்லை, பழக்கம் விட்டுப்போய் அறுபது வருஷம் ஆகிறதே. பேத்தி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். படி இறங்கி வந்தாள்.

"ஆயா, ஜோக்கா?"

"இல்ல கண்ணு."

"நெஜமா அழறியா?"

"ஆமா. முட்டி வலிக்குது. பயமா வேற கீது."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழ்வீட்டுக் கதவு திறந்தது. சங்கின் அம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீரும் தைலமும் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வார்த்தை கிண்டல் பண்ணவில்லை. அவள் போன பிறகும் பேத்தி அந்தக் கதவையே பார்த்தாள். யாராவது சிரிக்கப்போகிறார்கள் என்று காத்திருந்தாள் போல. யாரும் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். பையைக் கழற்றினாள். நான் கேட்கவே இல்லை. அவளே வந்து என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆயா, கடிச்ச எடத்துல எறும்பு ஊர்ற மாதிரி கீது."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். சொல்லிவிட்டாள். அது நெஞ்சை எட்டுவதற்குள் டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. குறுகுறுவென்று இருந்தால். "சபாஷ்" என்ற வார்த்தை நாக்குநுனிவரை வந்தது. கடித்து விழுங்கினேன்.

"எப்போலேர்ந்து?"

"காலைலேர்ந்து. ஸ்கூல்ல ஜாஸ்தியாச்சு."

"வா, போய் டாக்டர் கிட்ட இதே மாதிரி சொல்லலாம்."

போகும்வழியில் மருமகளுக்குப் போன் போட்டேன். அவள் கடையிலிருந்து நேராக ஓடிவந்தாள், கழுத்தில் கடை அட்டையோடு. இரண்டு பேரும் டாக்டர் அறை வாசலில் நின்றோம். என் கையை அவள் பிடித்திருந்தாள். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

டாக்டர் தொட்டுப் பார்த்தாள், அழுத்திப் பார்த்தாள், தண்ணீர் குடிக்கச் சொன்னாள், ஜுரம் பார்த்தாள். "புண்ணு ஆறி தோல் இழுக்குது. அதான் அரிக்குதுன்னு நெனைக்கிறேன்," என்றாள். "ஆனா நாய் கெடைக்கிறவரைக்கும் நான் உறுதியா சொல்ல மாட்டேன். கவனமா பாத்துக்கங்க." பேத்தியிடம் திரும்பி, "வேற என்ன இருந்தாலும் வந்து சொல்லணும், சரியா?" என்றாள்.

"சாப்பாடு எறங்குது. தலைதான் லேசா வலிக்குது," என்றாள் பேத்தி. மருமகள் என் கையை நெரித்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நாய் கடித்துப் பத்தாவது நாள். தலைவலி ராத்திரியே போய்விட்டது என்றாலும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. பதினோரு மணி இருக்கும். சங்கு ஊதியது. ஆற்றுப்பக்கமிருந்து அந்தக் குழந்தையின் அழுகை, தெருவே அதிரும்படி.

எப்போதும் அந்தச் சத்தம் கேட்டால் நான் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு கிண்டல் விடுவேன். அன்றைக்கு முட்டியை மறந்து படி இறங்கி ஓடினேன். எனக்கு முன்னால் அந்தக் குழந்தையின் அம்மாவும், பெட்டிக்கடைக்காரரும், குழாயடிப் பெண்களும் ஓடிக்கொண்டிருந்தார்கள். அழுகை சத்தத்தை வைத்தே போய்ச் சேர்ந்தோம். கரையோரம் பூட்டிக் கிடக்கும் ஒரு வீடு. போன வெள்ளத்துக்கப்புறம் அங்கே யாரும் குடிவரவில்லை. அந்த வீட்டுப் படிக்கட்டுக்கு எதிரில் குழந்தை நின்று அலறிக்கொண்டிருந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை.

"உர்ருன்னுச்சு. என்னப் பாத்து உர்ருன்னுச்சு."

படிக்கட்டுக்கு அடியில் ஒரு நாய். பழுப்பு நிறம். நாலு காலும் வெள்ளை. வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஐந்தோ ஆறோ குட்டிகள். கடைக்காரர் தூர நின்று ஒரு பொறையை எறிந்தார். அது எங்கள்மேல் கண்ணை வைத்துக்கொண்டே எடுத்துத் தின்றது. பக்கத்தில் தேங்கியிருந்த தண்ணீரைச் சளக் சளக்கென்று நக்கிக் குடித்தது.

அது தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே நான் சாலையில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு அது குட்டி போடப்போகிற நாய். எதிரில் வந்த காலைக் கடித்திருக்கிறது. நான் அந்தக் குழந்தையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அது என் காதுக்குள்ளேயே அழுதது. அழுது முடிக்கிறவரை நான் எதுவும் சொல்லவில்லை. அதற்கு வேறு பெயர் எதுவும் வைக்கவும் இல்லை. அதன் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அது திரும்பிப் பார்த்தது, யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்து.

சனிக்கிழமை மூன்றாவது ஊசி. டாக்டரிடம் நாயைப் பற்றிச் சொன்னோம். முகம் தெளிந்தது. இருந்தாலும் ஊசியை விடக்கூடாது என்றாள். அதே நர்ஸ். கையைத் துடைத்தாள். பேத்தி என்னைப் பார்த்தாள். எப்போதும் பார்க்கிற அதே பார்வை. என் முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. எதைக் காட்டினாலும் அதையே அவள் விடையாக எழுதிக்கொள்வாளே. தலையைக் குனிந்துகொண்டேன்.

ஊசி இறங்கியது. ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு ஒரு அழுகை. மூன்று வருஷத்து அழுகை. படிக்கட்டு, பல், கதவில் நசுங்கிய விரல், சுண்ணாம்பு எரிச்சல், எல்லாம் அதில் இருந்தது. வரிசையே திரும்பிப் பார்த்தது.

"இன்னாமா, போன தடவ அவ்ளோ சமத்தா இருந்தியே?" என்றாள் நர்ஸ்.

"வுடும்மா," என்றாள் மருமகள். "அழட்டும்."

என் நாக்கில் ஒரு கிண்டல் தயாராக வந்து நின்றது. நல்ல கிண்டல். அந்த ஆஸ்பத்திரியையே சிரிக்கவைத்திருக்கும். பேத்தி விக்கலுக்கு நடுவில் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள், நான் என்ன பெயர் வைக்கப்போகிறேன் என்று. வெற்றிலையை இந்தப் பக்கக் கன்னத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை.

பயம் போய்விடவில்லை. இருபத்தெட்டாம் நாள் ஊசி இன்னும் பாக்கி. யாரும் பார்க்காதபோது இன்றைக்கும் அவள் தொண்டையைத்தான் பார்க்கிறேன். நாயைப் பற்றிய பயம் பாதி, என் வாயைப் பற்றிய பயம் மீதி.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பஸ் ஸ்டாப்வரை பேத்தி வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கை வலிக்கிறது. வெயில் சுடுகிறது. தண்ணீர் சூடாக இருக்கிறது. அம்மா வேகமாக நடக்கிறாள். மருமகள், "எப்பப் பாரு..." என்று ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டு மெதுவாக நடந்தாள்.

"செருப்பு கடிக்குது ஆயா," என்றாள் பேத்தி.

பஸ் வருவது தெரிந்தது. நான் பிளாட்பாரத்தில் உட்கார்ந்தேன்.

"எங்க, காட்டு," என்றேன்.